கேவபூ: கலப்பு எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

2023 அக்டோபரில் நார்வே உச்ச நீதிமன்றம் ஒரு நாய் இனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்னும் சிறு நாயை, அது இன்றிருக்கும் நிலையில், அந்த இனத்துக்குள்ளேயே இணைசேர்த்துக் குட்டி எடுப்பது விலங்கு நலச் சட்டத்துக்குப் புறம்பானது என்பது தீர்ப்பு. வழக்குப் போட்டது ஒரு விலங்கு நல அமைப்பு. எதிர்த்தரப்பில் நின்றவர்கள் நார்வே கென்னல் கிளப், அந்த இனத்துக்கான சங்கம், சில வளர்ப்பாளர்கள். 2022இல் இதே வழக்கில் முதல் தீர்ப்பை எழுதிய ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம் ஒரு வழியையும் சுட்டியிருந்தது: அறிவியல் அடிப்படையில், திட்டமிட்டு, வேறு இன நாய்களோடு கலப்பது நல்ல மாற்றாக அமையலாம்.

அந்தக் கலப்பு மெல்போர்னிலும் லண்டனிலும் அதற்கு வெகு காலம் முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது. நோயைக் குறைப்பதற்காக அல்ல, சந்தைக்காக. கேவலியரையும் சிறு பூடிலையும் சேர்த்துப் பிறந்த குட்டியை ஆஸ்திரேலியாவில் கேவூடில் என்கிறார்கள், பிரிட்டனில் கேவபூ என்கிறார்கள். 1990களில் ஆஸ்திரேலியாவில் சூடுபிடித்த இந்தக் கலப்பு இன்று அந்த நாட்டுப் பூங்காக்களில் தடுக்கி விழும் இடமெல்லாம் நிற்கிறது. புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளிலும் குழந்தைகள் அடம்பிடித்து வாங்கும் நாய்களில் இதுவும் ஒன்று. ‘முடி கொட்டாது, ஒவ்வாமை வராது, கலப்பு என்பதால் நோயும் வராது, குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும்’ என்று நான்கு வாக்குறுதிகளோடு இதை விற்கிறார்கள். நான்கையும் ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தால், கடைசி ஒன்று மட்டும் முழுமையாகத் தேறுகிறது. அதற்கும் ஒரு விலை உண்டு.

முதலில் தாய்வழி. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் சிறு ஸ்பானியல்கள் மீது தீராத மோகம். அரசவையில் அலுவல் நடக்கும்போது மன்னர் நாயோடு விளையாடிக்கொண்டிருந்ததைச் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் சலிப்போடு பதிந்திருக்கிறார். பின்வந்த காலத்தில் சப்பை மூக்கு மோஸ்தராகி, அந்த நீள்முக நாய் ஓவியங்களில் மட்டும் எஞ்சியது. 1926இல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், பழைய ஓவியங்களில் உள்ளது போன்ற நீள்முக ஸ்பானியலைக் கொண்டுவருபவருக்கு 25 பவுண்டு பரிசு என்று அறிவித்தார். 1928இல் அந்த நீள்முக நாய்களுக்கான சங்கம் அமைந்தது. 1945இல் பிரிட்டனின் கென்னல் கிளப் கேவலியரைத் தனி இனமாக ஏற்றது.

ஓவியத்தைப் பார்த்து உருவத்தை மீட்ட கதை கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த மீட்பு மிகச் சில நாய்களிலிருந்து தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலம் அந்தச் சிறு எண்ணிக்கையையும் மேலும் குறைத்தது. இன்றைய கேவலியர்கள் எல்லாம் அந்த ஒரு கைப்பிடி முன்னோர்களின் வழிவந்தவை. முன்னோர்களிடம் இருந்த கோளாறுகளும் கூடவே பெருகின. இதயத்தின் மைட்ரல் வால்வு தேய்ந்து இரத்தம் பின்னோக்கிக் கசியும் நோய் வயதான சிறு நாய்கள் பலவற்றுக்கும் வருவதுதான். கேவலியருக்கு அது இளமையிலேயே வந்துவிடுகிறது. ஐந்து வயதில் ஏறக்குறைய பாதி நாய்களுக்கு ஸ்டெதாஸ்கோப்பில் மர்மர் என்னும் இரைச்சல் கேட்கும்; பத்து வயதில் அநேகமாக எல்லாவற்றுக்கும். மண்டையோட்டின் பின்பகுதி மூளைக்குப் போதிய இடம் தராததால் தண்டுவடத்துக்குள் நீர்க்குழிகள் உண்டாகும் சிரிங்கோமைலியா இன்னொன்று. கழுத்தருகே காற்றில் சொறிந்துகொண்டே நடக்கும் கேவலியரைப் பார்த்து வீட்டார் சிரிப்பதுண்டு. அது பெரும்பாலும் வலியின் அடையாளம். 2008இல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் ஒன்று இந்த நாயின் வேதனையைக் காட்டியபோது எழுந்த கொந்தளிப்பில், மறு ஆண்டு கிரஃப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்புவதையே அந்நிறுவனம் கைவிட்டது.

தந்தைவழி பூடில். நீரில் விழுந்த வாத்துகளை எடுத்துவர வளர்க்கப்பட்ட வேட்டை நாய் இது. சுருள்முடியை அழகுக்காக வெட்டி அலங்கரித்ததால் சோம்பேறி நாய் என்று பெயர் வாங்கியது. உண்மையில் நாய்களிலேயே மிகக் கூர்மையான அறிவுள்ள இனங்களில் ஒன்று. பூடிலைக் கலக்கும் மோகத்துக்கு ஒரு தொடக்கம் சொல்வதென்றால் ஆஸ்திரேலியாவைத்தான் சொல்லவேண்டும். அமெரிக்காவில் காக்கர் ஸ்பானியல், பூடில் கலப்பான காக்கபூ அதற்கு முன்பே இருந்தது உண்மை. ஆனால் அது உலகைக் கலக்கவில்லை. 1980களின் இறுதியில் ஆஸ்திரேலிய வழிகாட்டி நாய் அமைப்பில் பணியாற்றிய வாலி கான்ரன் என்பவர், ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண் ஒருவருக்காக லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் ஒவ்வாமை. பிறந்த குட்டிகளைக் கலப்பினம் என்று சொன்னபோது பயிற்சிக்காலத்தில் வீட்டில் வைத்து வளர்க்க ஆள் கிடைக்கவில்லை. ‘லாப்ரடூடில்’ என்று புதுப்பெயர் சூட்டி விளம்பரப்படுத்தியதும் தொலைபேசி ஓயவில்லை. முதுமையில் கான்ரன், தன் வாழ்க்கையின் பெரிய வருத்தமே அந்த நாயை உருவாக்கியதுதான் என்று 2019இல் ஆஸ்திரேலிய வானொலியில் சொன்னார். பணத்தாசை பிடித்த வளர்ப்பாளர்கள் எதையும் சோதிக்காமல் எதையும் எதோடும் கலக்கிறார்கள் என்பது அவர் குறை. கேவபூவும் அந்த அலையில் வந்த நாய்தான்.

இனி நாயைப் பார்ப்போம். வளர்ந்த கேவபூ பெரும்பாலும் 5 முதல் 10 கிலோ எடை, முழங்காலை எட்டாத உயரம். தந்தை டாய் பூடிலா மினியேச்சர் பூடிலா என்பதைப் பொறுத்து இது மாறும். நிறம் பாதாமி, சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் செந்திட்டு என்று பலவாக இருக்கும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று அலைமுடியோடும் மற்றொன்று இறுக்கமான சுருளோடும் வளரலாம். இது இனம் அல்ல, கலப்பு. இனத் தரம் என்று எழுதிவைத்த எதுவும் இதற்கு இல்லை என்பதை வாங்குபவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முடி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த நாயை வாங்கியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் அதுதான். நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009இல் கண்டறிந்தார்கள். ஒன்று முடியின் நீளத்தை, ஒன்று சுருளை, ஒன்று மீசை தாடி புருவத்தை முடிவு செய்கிறது. பூடிலுக்குத் தாடி மீசை உண்டு; கேவலியரின் முகம் வழுவழுப்பானது. தாடிக்கான மரபணு ஓங்கு தன்மை கொண்டது. ஆகவே கேவலியருக்கும் பூடிலுக்கும் நேரடியாகப் பிறக்கும் முதல் தலைமுறைக் குட்டிகள் கரடிக்குட்டி முகத்தோடு வருகின்றன. இரண்டு கேவபூக்களை இணைசேர்த்தால் பிறக்கும் அடுத்த தலைமுறையில் சில குட்டிகள் தாடியை இழந்து, கேவலியர் போலவே முகம் வழுவழுப்பாகி, முடியும் கொட்டத் தொடங்கும். அதைத் தவிர்க்கவே பல வளர்ப்பாளர்கள் கேவபூவை மறுபடியும் பூடிலோடு சேர்க்கிறார்கள். அந்தக் குட்டி முக்கால் பங்கு பூடில். சுருள் கூடும், கொட்டுவது குறையும், பராமரிப்பு இரட்டிப்பாகும்.

முடி கொட்டாத நாய் என்றால் உதிர்ந்த முடி எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. உதிர்ந்ததும் உதிராததும் பின்னிச் சிக்குப் பிடிக்கிறது. கவனிக்காமல் விட்டால் தோலோடு ஒட்டிய கம்பளம் போலச் சடை விழுகிறது. வீட்டில் துடைப்பத்துக்கு மிச்சமாகும் நேரத்தைச் சீப்பு வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். சடை முதலில் விழும் இடங்கள் காதின் பின்புறம், முன்னங்கால் அக்குள், கழுத்துப்பட்டி உராயும் இடம், வாலடி. மேலோட்டமாக பிரஷ் போடுபவர்களுக்கு மேல்முடி பஞ்சு போலப் பொங்கித் தெரியும். அடியில் தோலோடு கட்டி நிற்பது தெரியாது. முடியை ஒரு கையால் வகிர்ந்து பிடித்து, வேரிலிருந்து நுனிவரை வரிவரியாக வாரவேண்டும். கடைசியில் இரும்புச் சீப்பு தோல்வரை தடையின்றி இறங்கினால்தான் வேலை முடிந்தது. சிக்கோடு குளிப்பாட்டினால் சிக்கு இறுகும். வாரிய பிறகே குளியல், உலர்த்திய பிறகு மறுபடியும் வாரல். எட்டு மாதம் முதல் ஒரு வயதுவரை குட்டிமுடி போய்ப் பெரியமுடி வரும் காலம் மிகக் கடினமானது. நேற்றுவரை பிரச்சினையில்லாத நாய் ஒரே வாரத்தில் சடைபிடித்து நிற்கும்.

அதோடு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடிதிருத்துநர். வளர்ந்த நாயாகக் கொண்டுபோய் முதன்முதலில் மேசையில் நிறுத்தினால் அது நடுங்கும், கடிக்கும். குட்டிப் பருவத்திலேயே கால்விரல்களைத் தொட்டும் சீப்பைக் காட்டியும் பழக்கவேண்டும். சடை முற்றிவிட்டால் ஒட்ட வழிப்பது ஒன்றே வழி. ‘நீளத்தைக் காப்பாற்றித் தாருங்கள்’ என்று கெஞ்சும் உரிமையாளர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சடையை இழுத்துப் பிரிப்பது நாய்க்கு வதை. முடி மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். வாரத்தில் நான்கைந்து நாள் வார நேரமில்லாதவர்கள் ஆண்டு முழுவதும் குட்டையாக வெட்டிவைப்பதே நேர்மையான வழி.

ஒவ்வாமை பற்றிய வாக்குறுதிக்கு வருவோம். நாய் ஒவ்வாமைக்குக் காரணம் முடி அல்ல. எச்சிலிலும் தோல் துகளிலும் உள்ள புரதங்கள்தான் காரணம். அவற்றில் முக்கியமானது ‘கேன் எஃப் 1’. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாமை தராதவை என்று விற்கப்படும் பூடில், லாப்ரடூடில் போன்ற நாய்களின் முடியில் இந்தப் புரதம் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது. வீட்டுக் காற்றிலும் வேறுபாடு காணப்படவில்லை. எந்த நாயும் தன்னை நக்கிக்கொள்ளும், எந்த நாய்க்கும் தோல் உதிரும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், வாங்க நினைக்கும் நாயோடு அவர் பலமுறை நெடுநேரம் இருந்து பார்த்தபிறகே முடிவெடுக்க வேண்டும். ‘பூடில் கலப்பு’ என்பது மருத்துவச் சான்றிதழ் ஆகாது.

மூன்றாவது வாக்குறுதி ஆரோக்கியம். கலப்பு வீரியம் என்பது பொய்யல்ல. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே வேலை செய்யாது என்பதும் தெரியும். பல பரம்பரை நோய்கள் ஒடுங்கு மரபணுவால் வருபவை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று பழுதான பிரதி இரண்டும் சேர்ந்தால்தான் நோய் வெளிப்படும். கேவலியருக்கே உரிய இரண்டு நோய்கள் இவ்வகை. ஒன்று, உடற்பயிற்சியிலோ உற்சாகத்திலோ தசைகள் விறைத்து நாய் சரிந்து விழும் நோய். மற்றொன்று, சுருள்முடியும் வறண்ட கண்ணும் சேர்ந்து பிறவியிலேயே வருவது. பூடிலிடம் அந்தப் பழுது இல்லாதவரை முதல் தலைமுறைக் கேவபூவுக்கு இவை வரா. அதேபோல் பூடில்களிடம் விழித்திரை மெல்ல அழியும் நோய் ஒன்று உண்டு. கேவலியரோடு சேரும்போது அதுவும் ஒடுங்கிவிடும். கலப்பின் வெற்றி இதுதான். இரண்டு கேவபூக்களை இணைசேர்த்தாலோ, கேவபூவை மீண்டும் பூடிலோடு சேர்த்தாலோ, அடங்கிக் கிடந்த பழுதுகள் மறுபடியும் இணைய வாய்ப்புண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இரு இனங்களுக்கும் பொதுவான நோயைக் கலப்பு என்ன செய்யும்? பெரிதாக எதுவும் செய்யாது. மைட்ரல் வால்வு நோய் சிறு பூடில்களுக்கும் வருவதுதான், கேவலியருக்கு வருமளவு சீக்கிரத்தில் இல்லை என்றாலும். முழங்கால் சில்லு இடம் நழுவுவது இருபக்கமும் உண்டு. மூன்று காலில் நடந்து நாலாவது காலை ஒரு கணம் தூக்கி உதறும் சிறு நாயைப் பார்த்தால் அதைச் சந்தேகிக்கலாம். பல் நெருக்கமும் ஈறு நோயும் எல்லாச் சிறு நாய்களின் தலையெழுத்து. தொங்கும் காது தாயிடமிருந்தும், காதுக்குள் முடி தந்தையிடமிருந்தும் வருவதால் காது அழற்சி விஷயத்தில் கலப்பு நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 27,000க்கும் மேற்பட்ட நாய்களின் பதிவேடுகளை அலசி 2013இல் வெளியிட்ட ஆய்வில், 24 பரம்பரை நோய்களில் 10 தூய இனங்களில் அதிகமாக இருந்தன. ஒன்று, முழங்கால் தசைநார் அறுந்துபோவது, கலப்பினங்களில் அதிகம். மற்றவற்றில் வேறுபாடு இல்லை. லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் ஆய்வாளர்கள் 2024இல் நேரடியாகக் கேவபூ, காக்கபூ, லாப்ரடூடில் மூன்றையும் அவற்றின் பெற்றோர் இனங்களோடு ஒப்பிட்டார்கள். 9,402 நாய்கள், 57 உடல்கோளாறுகள். ஒப்பீடுகளில் 86.6 விழுக்காட்டில் கலப்புக்கும் பெற்றோர் இனத்துக்கும் வேறுபாடே தென்படவில்லை. மீதியில் ஏறத்தாழப் பாதி கலப்புக்குச் சாதகம், பாதி பாதகம். உரிமையாளர்கள் தந்த தகவலை வைத்துச் செய்த ஆய்வு என்பதும், இந்தக் கலப்புகளில் பல இன்னும் இளம் நாய்களே என்பதும் கணக்கில் கொள்ளவேண்டியவை. வால்வு நோய் வயதோடு வருவது. அதன் முழுக் கணக்கு தெரிய இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ஆயினும் ‘கலப்பு என்பதால் நோய் வராது’ என்று விற்பதற்கு இந்த ஆய்வு இடமே தரவில்லை.

இதிலிருந்து பராமரிப்பின் முதல் பாடம் கிடைக்கிறது: ஆண்டுக்கு ஒருமுறையாவது கால்நடை மருத்துவர் இதயத்தைக் கேட்கவேண்டும். மர்மர் கேட்டால் எக்கோ பரிசோதனை. 2016இல் வெளியான, 360 நாய்களைக் கொண்ட பன்னாட்டு ஆய்வில், இதயம் பெருத்தும் செயலிழப்பு தொடங்காத நிலையில் பிமோபெண்டன் மாத்திரை கொடுத்தபோது, செயலிழப்பு ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போனது. முன்கூட்டியே கண்டுபிடிப்பதன் பயன் அந்தப் பதினைந்து மாதம். வீட்டிலும் ஒரு எளிய காவல் உண்டு. நாய் ஆழ்ந்து உறங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 30க்குக் கீழ் இருப்பது இயல்பு. தொடர்ந்து அதைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

மற்றவை சுருக்கமாக. காதை வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் அழற்சி. நீந்தினாலோ குளித்தாலோ காதை உலர்த்துங்கள். பல்லை நாய்க்கான பற்பசையால் தேய்க்கவேண்டும்; மனிதர் பற்பசை சிலவற்றில் உள்ள சைலிட்டால் நாய்க்கு நஞ்சு. கழுத்துப்பட்டியை விட மார்புப்பட்டி நல்லது, தாய்வழிக் கழுத்துவலி இருக்கக்கூடும் என்பதால். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: அங்குள்ள ஒருவகை உண்ணி கடித்தால் நாய்க்கு வாதம் வந்து உயிரே போகலாம். சுருள்முடிக்குள் உண்ணி கண்ணுக்குத் தெரியாது. மருந்து கொடுத்திருந்தாலும் தினமும் விரலால் தோல்வரை தடவிப் பார்க்கவேண்டும். கோடையில் காய்ந்த புல்விதைகளும் இப்படியே. கால்விரல் இடுக்கிலும் காதிலும் குத்திக்கொண்டு உள்ளே போகும்.

சாப்பாட்டில் கேவலியரின் பெருந்தீனி குணம் பல கேவபூக்களுக்கும் வந்திருக்கிறது. ஏழு கிலோ நாய்க்கு ஒரு துண்டு சீஸ் என்பது சிறு தீனியல்ல. நம் வீடுகளில் இன்னொரு சிக்கல்: குழம்பு, பொரியல், தாளிதம் எதுவும் வெங்காயம் இல்லாமல் இல்லை, பாயசத்திலும் கேசரியிலும் உலர்திராட்சை. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாட்டி பாசத்தோடு பிசைந்து வைக்கும் சாம்பார்சோற்றுக்கு அன்போடு தடை போடத்தான் வேண்டும்.

நான்காவது வாக்குறுதி தேறுகிறது என்று சொன்னேன். கேவலியரின் முன்னோர்கள் நூற்றாண்டுகளாக மடியில் இருப்பதற்கென்றே வளர்க்கப்பட்டவை. பூடில் மனிதரின் முகக்குறிப்பைப் படிக்கும் நாய். இரண்டும் சேர்ந்த பிள்ளை குழந்தைகளோடும் முதியவர்களோடும் ஒட்டிக்கொள்கிறது, சொன்னதைச் சட்டென்று கற்கிறது, அந்நியரையும் வாலாட்டி வரவேற்கிறது. காவலுக்கு உதவாது. அந்த ஒட்டுதலுக்கான விலை, தனிமையை அது தாங்குவதில்லை என்பது. கணவன் மனைவி இருவரும் காலையில் போய் மாலையில் வரும் வீட்டில், நாள் முழுக்கக் கதறி, கதவைப் பிராண்டி, அண்டை வீட்டார் புகார் எழுதும் நிலைக்குப் பல கேவபூக்கள் போயிருக்கின்றன. குட்டியாக இருக்கும்போதே சில நிமிடங்களில் தொடங்கித் தனித்திருக்கப் பழக்கவேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. தினமும் எட்டு மணி நேரம் பூட்டிய வீடு என்றால் இந்த நாய் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. நடைப்பயிற்சி நாளுக்கு முக்கால் மணி, ஒரு மணி போதும். அறிவுக்கும் தீனி வேண்டும். தீனியை ஒளித்துவைத்துத் தேடச்செய்யும் சிறு விளையாட்டுகூட அதன் பூடில் பாதியை அமைதிப்படுத்தும்.

எங்கே வாங்குவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 2013இல் வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட பெண் நாய் லூசி. ஓயாமல் ஈன்று ஈன்று உடல் உருக்குலைந்த கேவலியர் அது. அதன் பெயரால் வந்த லூசி சட்டம் 2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் விற்கக்கூடாது. வாங்குபவர் வளர்ப்பாளரிடமே போய்க் குட்டியைத் தாயோடு பார்க்கவேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2017இல் சட்டம் கொண்டுவந்து, ஒரு வளர்ப்பாளர் வைத்திருக்கும் கருவளமுள்ள பெண் நாய்களின் எண்ணிக்கைக்கு 10 என்று வரம்பிட்டது. தனி அனுமதி பெற்றவருக்கு 50. சட்டங்கள் நல்லவை. ஆனால் குட்டியின் வால்வு எப்படியிருக்கும் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, வாங்குபவர்தான் பார்க்கவேண்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை இவை: தாய்க் கேவலியர் முதன்முதலில் இணைசேர்ந்தபோது அதன் வயது என்ன? இரண்டரை வயதுக்கு முன் சேர்க்கக்கூடாது என்பதும், அதன் பெற்றோர் ஐந்து வயதிலும் மர்மர் இல்லாமல் இருந்திருக்கவேண்டும் என்பதும் இதயநோயைத் தள்ளிப்போட வகுக்கப்பட்ட விதி. தாய்க்குத் தண்டுவடத்தை எம்ஆர்ஐ எடுத்தார்களா? பிரிட்டனில் 2012 முதல் அதற்கு முறையான திட்டம் இருக்கிறது. தந்தைப் பூடிலின் விழித்திரைக்கு மரபணுச் சோதனையும் முழங்காலுக்குப் பரிசோதனையும் நடந்தனவா? ‘கலப்புதானே, சோதனை எதற்கு’ என்று விற்பவர் கேட்டால், குட்டி எவ்வளவு அழகாக உங்கள் கையை நக்கினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.